எந்திரக் குரலில் பாவம் வருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எழுத்தைப் பேச்சாக மாற்றித் தரும் மென்பொருள்களைப் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சுற்றியே இருந்தன: படிக்கிறது, ஆனால் உயிரில்லாமல் படிக்கிறது. அவற்றுள் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கண் புரை வந்த பிறகு, செல்பேசியைப் படிக்கச் சொல்லித்தான் கதைகளைக் கேட்கிறேன். தாய் இறந்ததையும் தாலி கட்டியதையும் மளிகைச் சீட்டு வாசிப்பது போல ஒரே குரலில் படித்துச் செல்கிறது. உணர்ச்சியோடு படிக்க இதற்குக் கற்றுக்கொடுக்க முடியாதா? (ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: முடியும் ஐயா, ஓரளவுக்கு முடிந்தும் இருக்கிறது. உங்கள் செல்பேசி ஏன் அப்படிப் படிக்கிறது என்பதை, வகுப்பில் நீங்களே கதை வாசித்துக் காட்டிய நாள்களிலிருந்து யோசித்துப் பார்க்கலாம். சுருதியை ஏற்றி இறக்கியிருப்பீர்கள். சில அசைகளை நீட்டியிருப்பீர்கள். குரலின் வலுவைக் கூட்டிக் குறைத்திருப்பீர்கள். முக்கியமான சொல்லுக்கு முன்பு ஒரு கணம் நிறுத்தி, கடைசி பெஞ்சுப் பையன் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பீர்கள். இவற்றோடு, குரல் கரகரப்பது, தழுதழுப்பது, மூச்சுக் கலந்து ஒலிப்பது போன்ற குரலின் தன்மையையும் சேர்த்துக்கொண்டால், பேச்சில் உணர்ச்சி என்று நம் காது கண்டுகொள்வதில் பெரும்பகுதி இந்த ஐந்தில் அடங்கிவிடும். குரல்நாண்கள் சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும் பெண்களுக்கு 200 முறையும் அதிர்கின்றன. கோபத்தில் அந்த எண்ணிக்கை உயர்ந்து வேகமும் வலுவும் கூடுகின்றன. சோகத்தில் எண்ணிக்கை தாழ்ந்து, ஏற்ற இறக்கம் சுருங்கி, சொற்கள் தயங்கித் தயங்கி வருகின்றன.

பொறியாளர்களுக்கு இது புதிய செய்தி அன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி உருவாக்கிய 'வோடர்' என்ற பேசும் எந்திரம் 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஆர்மோனியம் போல ஒருவர் அதன் முன் அமர்ந்து, விரல்களால் விசைகளை அழுத்தி, மணிக்கட்டால் ஒரு பட்டையை இயக்கி, காலால் ஒரு மிதியை ஏற்றி இறக்கி அதைப் பேச வைக்க வேண்டும். இயக்கியவர்கள் நெடுநாள் பயிற்சி பெற்ற பெண்கள். 'அவள் என்னைப் பார்த்தாள்' என்ற பொருள்படும் மூன்றே சொல் கொண்ட ஆங்கில வாக்கியத்தை அந்த எந்திரம் முதலில் சப்பென்று சொல்லும். 'யார் பார்த்தது?' என்று அறிவிப்பாளர் கேட்டதும் முதற்சொல்லை உயர்த்தியும், 'யாரைப் பார்த்தாள்?' என்றதும் கடைசிச் சொல்லை உயர்த்தியும் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லும். சுருதியைக் கட்டுப்படுத்திய கால்மிதிதான் அந்த வித்தையைச் செய்தது. ஆனால் மிதியை எப்போது அழுத்துவது என்று தெரிந்தது அந்தப் பெண்ணுக்கு. கேள்வி என்னவென்று அவர் காதில் விழுந்திருந்தது. உங்கள் செல்பேசிக்குக் கதையின் எழுத்துகள் மட்டுமே கிடைக்கின்றன. யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார் என்பதை அதற்கு எவரும் சொல்வதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய மென்பொருள்கள் மனிதக் குரல் பதிவுகளைக் கேட்டுப் பழகியவை. ஒரே வாக்கியத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகப் படித்திருக்கும்போது, எதிலும் பெரிதாகப் பிழைபடாமல் இருக்க எந்திரத்துக்கு எளிய வழி அவற்றின் சராசரியைப் பிடித்துக்கொள்வதுதான். பத்து வீட்டுச் சாம்பாரை ஒரே அண்டாவில் கொட்டிக் கலந்தால் எந்த வீட்டுக் கைமணமும் மிஞ்சாது அல்லவா, அதுபோலத்தான் இதுவும். பிழையற்ற, சுவையற்ற அந்த நடுக்குரலைத்தான் நீங்கள் நாள்தோறும் கேட்கிறீர்கள்.

கேள்வி: பொறியியல் மாணவன் நான். இன்றைய செயற்கை நுண்ணறிவு உணர்ச்சியை எப்படிக் கற்கிறது? தமிழுக்கு இப்படிப்பட்ட ஆய்வு நடக்கிறதா? (ஒரு மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: முதலில் விதிகளை எழுதிப் பார்த்தார்கள். 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜேனட் கான் என்ற ஆய்வாளர், அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த 'டெக்டாக்' என்ற பேச்சு எந்திரத்தின் சுருதி, வேகம், நிறுத்தம், மூச்சுக் கலப்பு ஆகியவற்றை உணர்ச்சிக்கேற்பத் திருகிவிடும் ஒரு நிரலை எழுதினார். 'உன் பெயரைப் பத்திரிகையில் பார்த்தேன்' என்பதைப் போல, மகிழ்ச்சியாகவும் சொல்லலாம், பயந்தும் சொல்லலாம் என்னும்படியான வாக்கியங்களைப் பல உணர்ச்சிகளில் பேச வைத்து, இது எந்த உணர்ச்சி என்று கேட்பவர்களையே ஊகிக்கச் சொன்னார். மிக எளிதாக அடையாளம் காணப்பட்டது சோகம். அதில் வியப்பில்லை, சோகம் மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலகி, தாழ்ந்து, மெதுவாக நிற்கிறது. கோபமும் மகிழ்ச்சியுமோ இரண்டுமே சுருதியையும் வலுவையும் வேகத்தையும் உயர்த்துகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் குரலின் தன்மை. தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் சிரித்தபடி பேசுவது நமக்குத் தெரிந்துவிடுகிறதே, ஏன்? சிரிக்கும்போது உதடுகள் பக்கவாட்டில் இழுபட்டு வாயின் குழல் நீளத்தில் சற்றே குறைகிறது. ஒலியின் நிறம் மாறிவிடுகிறது. இதையெல்லாம் கையால் விதியாக எழுதி மாளாது.

2016-இல் கூகுளைச் சேர்ந்த டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட 'வேவ்நெட்' என்ற பேச்சு மென்பொருள் நொடிக்கு 16,000 ஒலித்துளிகளை ஒவ்வொன்றாகக் கணித்து அலையையே நெய்தது. அதன் பிறகு விதி எழுதும் வேலை பின்னுக்குப் போய், நல்ல பதிவுகளைச் சேர்க்கும் வேலை முன்னுக்கு வந்தது. தமிழுக்கு வருவோம். சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் ஆய்வுக்குழு 2024-இல் 'ரசா' என்ற குரல் தொகுப்பை வெளியிட்டது. தமிழ், வங்காளி, அசாமி ஆகிய மூன்று மொழிகளில், சமநிலையான குரலில் 10 மணி நேரப் பதிவும், ஆறு உணர்ச்சிகள் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 மணி நேரப் பதிவும் அதில் உள்ளன. 1 மணி நேரச் சமநிலைப் பதிவோடு அரை மணி நேர உணர்ச்சிப் பதிவு இருந்தாலே ஓரளவு ஏற்கத்தக்க குரலை உருவாக்க முடிகிறது என்பது அவர்கள் கண்ட முடிவுகளில் ஒன்று. பெரிய பதிவுக்கூடங்களுக்குச் செலவிட இயலாத மொழிகளுக்கு இது நல்ல செய்தி.

அந்த ஆறும் உளவியலாளர் பால் எக்மன் வகுத்த கோபம், அருவருப்பு, அச்சம், மகிழ்ச்சி, சோகம், வியப்பு. தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாடுகளை வகுத்துச் சொல்லும் மெய்ப்பாட்டியல் படித்தவருக்கு உடனே கை துறுதுறுக்கும்: வெகுளி, இளிவரல், அச்சம், உவகை, அழுகை, மருட்கை என்று ஆறும் அப்படியே பொருந்திவிடுகின்றன, ஆனால் அங்கே மொத்தம் எட்டு. எஞ்சுபவை நகையும் பெருமிதமும். நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் தனியே சொல்கிறார். ஏளனச் சிரிப்பையும் குழந்தையைக் கண்டு எழும் சிரிப்பையும் 'மகிழ்ச்சி' என்ற ஒரே பெட்டியில் போட்டுக் கற்பித்தால் எந்திரம் என்ன செய்யும், பாவம்! இந்த ஆய்வுத் துறையில் நுழைய எண்ணினால், தம்பி, பெருமிதத்துக்கு ஒரு மணி நேரப் பதிவு எடுப்பதிலிருந்து நீங்கள் தொடங்கலாம். மகன் வேலைக்குச் சேர்ந்த செய்தியைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லும் தாயின் குரலை எந்தப் பெட்டியில் வைப்பீர்கள்?

கேள்வி: ஆங்கிலத்தை நன்றாகவே வாசிக்கிற எந்திரம் தமிழை மட்டும் செய்தி அறிக்கை போல வாசிக்கிறதே? அதுவும் எங்கள் 'ஓம்' என்ற சம்மதத்தைக்கூட மந்திரம் ஓதுவது போல இழுத்துச் சொல்கிறது. (ஒரு வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: உங்கள் 'ஓம்' என்னைச் சிரிக்க வைத்தது அம்மா, ஆனால் அது சிறிய எடுத்துக்காட்டு அன்று. 'ஓம், வாறன்' என்பதில் வரும் ஓமும் கோயிலில் ஒலிக்கும் ஓமும் எழுத்தில் ஒன்றுதான்; எது என்று சொல்லப் பக்கத்துச் சொற்களும் ஊரும் வேண்டும். மைக்ரோசாஃப்டின் குரல் சேவையில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு நாட்டுத் தமிழுக்கும் தனித்தனிக் குரல்கள் இருக்கின்றன. உங்கள் கருவியில் இலங்கைக் குரல் தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எழுத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கடல், அகல், தங்கம் மூன்றிலும் 'க' வேறு வேறாக ஒலித்தாலும், அது இடத்தைப் பொறுத்த ஒழுங்கான மாற்றம் என்பதால் எந்திரம் எளிதாகக் கற்றுக்கொள்ளும். வடசொற்களில்தான் தடுக்கி விழுகிறது. இந்தப் பகுதியின் தலைப்பையே பாருங்கள். 'பாவம்' என்று நான் எழுதியது முகத்திலும் குரலிலும் தோன்றும் உணர்ச்சி வெளிப்பாட்டை. முதலெழுத்தை அழுத்தி, மூச்சோடு ஒலிக்க வேண்டும். புண்ணியத்துக்கு எதிரான பாவமும், 'ஐயோ பாவம்' என்று இரங்கும் பாவமும் எழுத்தில் அதே உருவம். நாட்டிய விமரிசனத்தில் வரும் 'அவருடைய பாவம் அபாரம்' என்ற வாக்கியத்தை எந்திரம் எப்படி வாசித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவற்றைவிடப் பெரிய காரணம், நாம் எழுதும் தமிழும் பேசும் தமிழும் வெவ்வேறாக இருப்பது. 'நீங்கள் நேற்று ஏன் வரவில்லை?' என்று எந்தக் கோபக்காரரும் கேட்பதில்லை. கோபம் 'ஏன் நேத்து வரல?' என்றுதான் வெளிவரும். யாழ்ப்பாணத்தில் அது இன்னொரு வடிவம் எடுக்கும். நம் மொழியில் இதுவரை சேர்ந்துள்ள குரல் பதிவுகளில் பெரும்பங்கு, ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து எழுத்துத் தமிழைப் படித்தவை. அந்தத் தமிழின் மேல் கோபத்தைப் பூசினால் பழைய மேடை நாடகத்தின் ராஜா பேசுவது போலத்தான் ஒலிக்கும். எனவே எழுத்தைப் பேச்சாக்குவதற்கு முன்பு, எழுத்துத் தமிழைப் பேச்சுத் தமிழாக்கும் ஒரு படி வேண்டும். அந்தப் படிக்கு உரிய உழைப்பு இன்னும் செலுத்தப்படவில்லை என்பது என் எண்ணம்.

அதே வேளையில், மொழி நமக்கு ஓர் உதவியும் செய்கிறது. மன்னார்குடி ஆசிரியருக்கு எழுதிய பதிலில் வோடர் எந்திரத்தின் கால்மிதி செய்த வேலையைச் சொன்னேன். தமிழில் அந்த வேலையை ஓர் இடைச்சொல் செய்துவிடும். 'அவள்தான் என்னைப் பார்த்தாள்', 'என்னைத்தான் பார்த்தாள்' என்று எழுதினால் அழுத்தம் எங்கே என்று எழுத்தே காட்டிவிடுகிறது. ஆனால் எல்லா இடைச்சொல்லும் அவ்வளவு வெளிப்படையானவை அல்ல. 'வந்தானே' என்ற ஒரு சொல்லில் நிம்மதியும் இருக்கலாம், குற்றச்சாட்டும் இருக்கலாம், 'உனக்குத் தெரியாதா?' என்ற இடிப்பும் இருக்கலாம்.

கேள்வி: என் அண்ணனுக்கு அடுத்த மாதம் குரல்வளையை நீக்கும் அறுவைச் சிகிச்சை. அவருடைய குரலையே கணினியில் சேமித்து வைக்க முடியும் என்கிறார்கள். அந்தக் குரல் அவரைப் போலவே பேசுமா? (ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: குரலின் சாயல் வரும். பேசும் விதம் எவ்வளவு வரும் என்பது, இந்த ஒரு மாதத்தில் நீங்கள் எதைப் பதிவுசெய்து வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கத் திரைப்பட விமரிசகர் ரோஜர் ஈபர்ட் 2006-இல் புற்றுநோய்ச் சிகிச்சையால் குரலை இழந்தார். படத்தட்டுகளுக்காக அவர் முன்பு பேசி வைத்திருந்த விளக்கவுரைகளிலிருந்து எடின்பரோவின் செரிப்ராக் நிறுவனம் அவருக்கு ஒரு கணினிக் குரலை அமைத்துக் கொடுத்தது. 2011-இல் ஒரு மேடையில், கணினிக் குரலுக்கு ஒரு தேர்வு வைக்க வேண்டும் என்றார் அவர்: ஒரு நகைச்சுவைத் துணுக்கை உரிய நேரத்தில் உரிய விதமாகச் சொல்லி, கேட்பவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். நிறுத்த வேண்டிய கணம் அரை நொடி தவறினாலும் துணுக்கு செத்துப்போகும் என்பதால், இதைவிடக் கடினமான தேர்வு எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, அண்ணனை வரிசையாக வாக்கியங்களைப் படிக்கச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, அண்ணியை விளிப்பது, நண்பரைக் கிண்டல் செய்வது, சலித்துக்கொள்வது, சிரிப்பது எல்லாவற்றையும் ஓசையில்லாத அறையில் பதிவுசெய்து வையுங்கள். பழைய வாட்ஸ்அப் குரல் செய்திகள் எவரிடம் இருந்தாலும் வாங்கி, சுருக்காமல் மூலக்கோப்பாகவே சேமியுங்கள். சிகிச்சைக்குப் பிறகு கழுத்தில் வைத்துப் பேசும் அதிர்வுக் கருவி ஒன்றை மருத்துவர் பரிந்துரைக்கலாம். பெரும்பாலான கருவிகள் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். விரலின் அழுத்தத்துக்கேற்பச் சுருதி மாறுபவையும் உண்டு, கேட்டுப் பாருங்கள். மேலே சொன்ன கால்மிதிதான் அங்கே விரலுக்கு வந்திருக்கிறது.

உங்கள் அண்ணன் ஒருவேளை கணினிக் குரலின் தட்டையான ஒலியோடேயே ஒத்துப்போய்விடவும் கூடும். 1985-இல் குரலை இழந்த ஸ்டீபன் ஹாக்கிங், எம்ஐடி ஆய்வாளர் டென்னிஸ் கிளாட்டின் குரலை அடிப்படையாகக் கொண்ட ஓர் எந்திரக் குரலைப் பயன்படுத்தினார். பின்னாளில் மேம்பட்ட குரல்கள் கிடைத்தபோதும், அமெரிக்க உச்சரிப்புக் கொண்ட அந்தக் குரலே தம் குரல் என்று அதை விடாமல் வைத்துக்கொண்டார்.

கேள்வி: நான் பார்வையற்றவன். வங்கியில் வேலை செய்கிறேன். எல்லோரும் உணர்ச்சிக் குரல் என்கிறார்கள். எனக்கு அது தேவையே இல்லையே? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: உங்கள் கட்சி நியாயமானது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006-இல் தொடங்கிய 'என்விடிஏ' என்ற, கணினித் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோடு வரும் 'ஈஸ்பீக்' குரல் தகரத்தில் தட்டியது போல ஒலிக்கும். ஆனால் விசையை அழுத்திய கணமே பேசும். பழக்கப்பட்டவர் அதைச் சாதாரணப் பேச்சைப் போலப் பல மடங்கு வேகத்தில் ஓடவிட்டாலும் எழுத்து சிதையாது. மனிதர் போலப் பெருமூச்சு விடும் குரலை அந்த வேகத்தில் ஓட்டினால் குழறும். கணக்குப் பேரேட்டை வாசிக்கும்போது பெருமூச்சு எதற்கு? அலுவலகத்துக்கு ஒரு குரல், இரவில் நாவல் கேட்க ஒரு குரல் என்று இரண்டை வைத்துக்கொள்ளும் நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும்.

கேள்வி: நான் பின்னணிக் குரல் கலைஞர். என் தொழில் இனி இருக்குமா? (ஒரு வாசகி, வடபழனி, சென்னை)

பதில்: அறிவிப்புகள், பயிற்சிக் காணொளிகள், தொலைபேசிப் பதிவுகள் போன்ற சிறு வேலைகள் குறையும், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நடிப்பு வேண்டிய இடத்தில் நிலைமை வேறு. எழுத்திலிருந்து குரலை உண்டாக்குவதும், ஒருவர் பேசியதை இன்னொருவர் குரலாக மாற்றுவதும் வெவ்வேறு நுட்பங்கள். இரண்டாவது நுட்பத்தில் மூச்சும் நிறுத்தமும் விம்மலும் பேசியவருடையவை. மாறுவது குரலின் நிறம் மட்டும். அதாவது பாவம் உங்களுடையது, பெயர் வேறொருவருடையது. ஒப்பந்தத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 'லால் சலாம்' படத்தின் பாடல் ஒன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு பயன்படுத்தியபோது, குடும்பத்தாரின் அனுமதி பெற்று உரிய ஊதியமும் வழங்கியதாக ஏ.ஆர்.ரகுமான் 2024-இல் அறிவித்தார். உயிரோடு இருக்கும் கலைஞருக்கு அதற்குக் குறைவாக எதுவும் கூடாது. உங்கள் பதிவை எந்திரத்தைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தலாமா, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த மொழிகளில், எவ்வளவு தொகைக்கு என்பவற்றைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: 'அம்மா, விபத்து ஆகிவிட்டது, பணம் அனுப்பு' என்று என் மகன் குரலில் அழுதபடி ஓர் அழைப்பு வந்தது. மகனோ பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். இது எப்படி முடிகிறது? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: மகன் வீட்டில் இருந்தது நல்லதாகப் போயிற்று அம்மா. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் அறிவித்த 'வால்-ஈ' என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு, ஒருவர் குரலைப் பின்பற்ற 3 நொடிப் பதிவு போதுமானதாக இருந்தது. அந்தப் பதிவில் இருந்த உணர்ச்சியையும் அது தக்கவைத்துக்கொண்டது. சமூக ஊடகத்தில் உங்கள் மகன் போட்ட ஒரு சிறு காணொளியே இப்படிப்பட்ட வேலைக்குப் போதும். அழுகுரலை மோசடிக்காரர்கள் விரும்புவதில் தந்திரம் இருக்கிறது. அழும்போது எவர் குரலும் இயல்பாக இருக்காது என்பதால், எந்திரத்தின் பிசிறுகளை நம் மனமே மன்னித்துவிடுகிறது. பழைய முறைத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும் கடத்துவதால் மிச்சப் பிசிறும் வடிகட்டப்படுகிறது.

குரலை ஆராய்ந்து உண்மை கண்டுபிடிக்க முயல வேண்டாம். அழைப்பைத் துண்டித்துவிட்டு, மகனின் எண்ணுக்கு நீங்களே திரும்ப அழையுங்கள். கிடைக்காவிட்டால் அவன் நண்பரையோ விடுதியையோ அழையுங்கள். வீட்டார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. பிறந்தநாள், வண்டி எண் போன்று வெளியில் தெரிந்த எதுவும் அதற்கு ஆகாது. யாராவது ஏமாந்து பணம் அனுப்பிவிட்டிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துச் சொல்ல வேண்டும். தொகை அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் அதை முடக்கி வைக்க வழி இருக்கும்.